கன்னத்தில் ஒட்டியிருந்த அடுத்த வருஷம்

1. தாளுக்கு அடியில்

அவர் ஊசி ரூமுக்குள் நுழைந்தபோது இடது கன்னத்தில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. தினசரி காலண்டரில் நாள்தோறும் கிழிக்கிறோமே, அந்தச் சின்னத் தாள். மைதாப் பசை தடவி நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் ரத்தம் ஊறியிருந்தாலும் நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வருஷத்து ஆனி மாதத்தில் ஒரு நாள். அடியில் கரிநாள் என்று அச்சடித்திருந்தது.

“நாய் கடிச்சிருச்சு சிஸ்டர்,” என்றார்.

“எங்க?”

“கம்பெனியில.”

“உடம்புல எங்கன்னு கேட்டேன்.”

“தாளுக்கு அடியில.”

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிவகாசிப் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி வருஷங்கள் முழுவதும் ஊசி ரூம்தான். நாய்க்கடி ஊசி போடுவதில் என்ன பெரிய அனுபவம் இருக்கப்போகிறது என்று நினைப்பீர்கள். ஊசி போடுவது சுலபம். ஊசி போடுகிற இடம் வரைக்கும் ஆளைக் கொண்டுவருவதுதான் பாடு.

நாய் கடித்ததும் காயத்தில் எதையாவது அப்புவது நம் ஊர்ப் பழக்கம். கிராமத்து ஆட்கள் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக்கொண்டு வருவார்கள். பட்டாசுக் கம்பெனி ஆட்கள் அலுமினிய வெள்ளிப்பொடி படிந்த கையாலேயே காப்பித்தூளை அள்ளி வைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் மிளகாய்ப்பொடி வைத்து வந்தார், அதுவும் கடையிலேயே விலை கூடின பொடி. பிரஸ் ஆட்களுக்குப் பசையும் தாளும். கையில் எது இருக்கிறதோ அதுதான் மருந்து.

இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எப்போதோ நாய் கடித்து, மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். டம்ளரைக் கொடுத்தேன். வாங்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனவருக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. தாகத்தோடு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் இல்லை. அந்த நோய் வந்த பிறகு காப்பாற்ற எங்களிடம் ஒன்றும் கிடையாது. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும், அதற்குத்தான் அந்த ஊசி. அந்த டம்ளரை நான் மறக்கவே இல்லை.

2. நாலரை மணி வரை

கன்னத்தில் கரிநாளோடு வந்தவர் பெயர் கருப்பசாமி. நாரணாபுரம் போகிற வழியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், பிரதோஷம், ரம்ஜான், கிறிஸ்துமஸ் என எல்லாவற்றையும் சரிபார்த்து அவர் ஓகே போட்டால்தான் மிஷின் ஓடும். “தமிழ்நாட்டுல பாதிப்பேரு நான் ஓகே பண்ணுன நேரத்துலதான் தாலி கட்டிருக்கான்,” என்று அவரே சொன்னார். கன்னத்தில் ஓட்டையோடு சொன்னார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேஸ்ட் பேப்பர் கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாராம். காம்பவுண்டில் திரியும் நாய் வந்து, எந்தக் காரணமும் இல்லாமல் கன்னத்தைக் கவ்விவிட்டு ஓடிவிட்டதாம்.

பசையை ஊறவைத்துத் தாளை உரித்தேன். மூன்று பல் நன்றாக இறங்கியிருந்தது. முகத்தில் கடி என்றால் மூளைக்குப் பக்கம். கேட்டகிரி த்ரீ, கடிகளிலேயே ஆபத்து கூடின வகை. கிருமியை உடனே எதிர்க்கிற சீரத்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும், தடுப்பூசியும் அன்றைக்கே தொடங்க வேண்டும். முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவுவது. உயிரைக் காப்பாற்றுவதில் பாதி வேலையை அந்தக் குழாயடியே செய்துவிடும். ஆனால் என் சர்வீஸில் ஒருவரையும் கால் மணி நேரம் குழாயடியில் நிறுத்த முடிந்ததில்லை. இரண்டு கை தண்ணீரை அள்ளித் தெளித்துவிட்டு “போதும்ல சிஸ்டர்” என்பார்கள்.

கருப்பசாமி தண்ணீருக்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்டார்.

“ஊசிய நாலரைக்கு மேல போட்டுக்கிறலாமா?”

“எதுக்கு?”

“இன்னைக்குச் செவ்வாக்கிழமைல. மூணுல இருந்து நாலரை ராகு காலம்.”

மணி நாலு. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டேன்.

“ராகு காலத்துல குளிக்கலாமா?”

யோசித்தார். “அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல.”

“அப்பச் சரி. நாலரை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்க. நடுவுல நிறுத்துனா ராகு காலத்துல நிறுத்துன மாதிரி ஆயிரும்.”

மனிதர் அரை மணி நேரம் கழுவினார். அதற்குள் ஓ.பி. சீட்டு வந்தது, டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார், ஸ்டோரிலிருந்து சீரமும் வந்துவிட்டது. நாலரை அடித்ததும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தார். அவ்வளவு சுத்தமாகக் கழுவிய நாய்க்கடியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கன்னத்தில் சீரம் ஏற்றும்போது வலியில் பிராணன் போகும். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். முடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “வருசத்துல அம்புட்டு நாள் இருக்கு சிஸ்டர். பைண்டிங் முருகன் பயபுள்ள கரிநாளப் பாத்து எடுத்து ஒட்டிருக்கான் பாருங்க.”

தையல் போடவில்லையே என்று வருத்தப்பட்டார். நாய்க்கடியில் உடனே தையல் போடுவதில்லை என்றேன். இரண்டு கையிலும் தடுப்பூசி போட்டேன். சீட்டில் அன்றைய தேதி பதினாலு என்று எழுதினேன்.

“பதிமூணு சிஸ்டர்,” என்றார் மெதுவாக.

“பதினாலு.”

“பதிமூணு. செவ்வா பதிமூணு.”

ரத்தம் போயிருக்கிறது, பயம் வேறு. தேதி தடுமாறுகிறது போல என்று விட்டுவிட்டேன். அடுத்த ஊசிக்குப் பதினேழாம் தேதி வரவேண்டும், தவறவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தார்.

“எங்கிட்டப் போயி தேதி சொல்றீகளே சிஸ்டர்.”

3. எங்களுக்கு நாளைக்குத்தான்

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி வரை கருப்பசாமி வரவில்லை. காலில் லேசான கீறலோடு வந்தவர்கள்கூட வரிசையில் நின்று போட்டுக்கொண்டு போனார்கள். கன்னத்தில் கடிபட்டவரைக் காணோம். சீட்டில் அவர் மனைவி ஜோதியின் நம்பர் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர் என்பதால் பகலில் போன் எடுக்க முடியாது, உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறிய பிறகு எடுத்தார்.

“ஊசிக்கு ஏன்மா வரல உங்க வீட்டுக்காரரு?”

“பதினேழாந் தேதிதான வரச் சொன்னீக?”

“இன்னைக்குத்தான் பதினேழு.”

“எங்களுக்கு நாளைக்குத்தான் சிஸ்டர் பதினேழு,” என்றார்.

உங்களுக்கு என்றால் என்ன, எங்களுக்கு என்றால் என்ன? நாங்கள் என்ன அமெரிக்காவிலா இருக்கிறோம்? ஆனால் அந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக ஆட்டோ பிடித்து பிரஸ்ஸுக்குப் போனேன்.

4. ப்ரூஃப் பார்த்த தேதி

காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். வேப்பமரத்து நிழலில், நாலாக மடித்த பிளெக்ஸ் பேனர் மேல் படுத்திருந்தது. கழுத்தில் புதுச் சங்கிலி. முன்னால் வாழை இலையில் பிரியாணி. அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு ஆள் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பசாமியின் கன்னத்தில் கரிநாளை ஒட்டிவிட்ட பைண்டிங் முருகன் அவர்தானாம்.

“என்ன பண்றீக?” என்றேன்.

“ட்யூட்டி,” என்றார்.

கருப்பசாமி உள்ளேயிருந்து வந்தார். கன்னம் வீங்கியிருந்தாலும் ஆள் தெம்பாகத்தான் இருந்தார். “வாங்க சிஸ்டர், நாளைக்குத்தான நான் வரணும்?” என்றார்.

“இன்னைக்குத் தேதி என்ன?”

“பதினாறு.”

போனை எடுத்துக் காட்டினேன். பதினேழு, வெள்ளி. அவர் கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போன்ல தப்பா இருக்கு.”

“போன்ல எப்படித் தப்பா இருக்கும்?”

“அத யாரு ப்ரூஃப் பாத்தா? இந்தா இருக்கு பாருங்க, நான் ரெண்டு தடவ பாத்து ஓகே பண்ணுனது.”

சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கக் காலண்டர். அம்மன், பிள்ளையார், மெக்கா, மாதா, குழந்தைப் படம். எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமைக்கு நேராகப் பதினாறு என்றுதான் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே தலை சுற்றியது. அப்புறம்தான் மேலே போட்டிருந்த வருஷத்தைப் பார்த்தேன். எல்லாம் அடுத்த வருஷம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியும், வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஆடி பிறந்ததும் அடுத்த வருஷக் காலண்டர் வேலை தொடங்கிவிடும். சாம்பிள் வந்ததும் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிவிடுவார்கள். பிரஸ்ஸில் மட்டும் இல்லை, வேலையாட்கள் வீட்டிலும் அதுதான். சம்பளம் சனிக்கிழமை, லீவு ஞாயிற்றுக்கிழமை என்று அவர்களுக்கு எல்லாமே கிழமைக் கணக்கு. கிழமை சரியாக இருந்தால் போதும், எதிரே உள்ள தேதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுத்த வருஷத்தில் அதே தேதி ஒரு கிழமை தள்ளி விழும். இந்த வருஷம் வெள்ளியில் வருகிற பதினேழு அதில் சனியில் நிற்கும். இப்படியாக அந்தத் தெருவே ஒரு நாள் பின்தங்கி, ஒரு வருஷம் முன்னால் போய் வாழ்ந்துகொண்டிருந்தது.

“கருப்பசாமி, இது அடுத்த வருசக் காலண்டரு.”

“ஆமா.”

“இப்ப நடக்கிறது இந்த வருசம்.”

அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. “இந்த வருசக் காலண்டர் இருந்தாக் காட்டுங்க, நான் பாத்துச் சொல்றேன்,” என்றார்.

தேடினோம். பிரஸ்ஸில் இல்லை. பக்கத்துப் பிரஸ்ஸில் இல்லை. எதிரே நான்கு லாரி லோடு காலண்டர் அடுக்கியிருந்த குடோனில் ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. நாடு முழுக்கக் காலண்டர் அனுப்புகிற தெருவில் இன்றைக்கு என்ன தேதி என்று பார்க்க ஒரு காலண்டர் இல்லை. தெருவே கூடிவிட்டது. ஒரு கட்சி பதினாறு, ஒரு கட்சி பதினேழு. ஒருவர் மட்டும் பதினெட்டு என்றார், எந்தக் கணக்கில் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் தெருமுனை டீக்கடையில் கிடைத்தது. அந்த டீக்கடைக்காரருக்கு வடை மடித்துக் கொடுக்கத் தாள் வேண்டும் என்பதால் ஒவ்வொரு நாளும் தேதித் தாளை ஒழுங்காகக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பார். தெருவில் நிகழ்காலத்தில் இருந்தது அவர் ஒருத்தர்தான்.

“இதுல பதினேழுன்னு இருக்கு,” என்றார் கருப்பசாமி. “நீ ஒண்ணு சேத்துக் கிழிச்சிருப்ப.”

டீக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாளைக்கு உள்ள தாள்ல இன்னைக்கு வடை மடிக்க மாட்டேன் அண்ணாச்சி. எனக்கும் ஒரு நியாயம் இருக்கு.”

கருப்பசாமி அந்தக் காலண்டரைக் கையில் வாங்கி, திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவருடைய பிரஸ்தான். போன வருஷம் அவரே ஓகே பண்ணியது. முகம் மாறியது. “அப்ப இன்னைக்குப் பதினேழுதான்,” என்றார்.

5. கேது மேல் கேஸ்

“கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு,” என்றேன்.

அப்போதுதான் பிரஸ் முதலாளி ஹமீது பாய் வந்தார். அறுபது வயசு, வெள்ளைச் சட்டை, முழுக்கையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார்.

“ஊசிக்கு அவசரம் என்ன சிஸ்டர்? கடிச்ச நாயத்தான் கட்டி வச்சிருக்கமே. பத்து நாளு பாப்போம். நாய் நல்லா இருந்தா ஆளும் நல்லா இருப்பான். அதான சட்டம்?”

அரைகுறையாகக் கேட்டதை முழுசாகச் செய்கிறவர்கள் நம் ஆட்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மை. ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டு ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது. ஊசி ஒரு பக்கம் நடக்க வேண்டும், நாய் ஒரு பக்கம் இருக்க வேண்டும். இவர்கள் ஊசிக்குப் பதிலாக நாய்க்குப் பிரியாணி போட்டிருந்தார்கள். செத்துவிடக் கூடாதே என்று ஷிப்ட் வைத்துக் காவல் வேறு.

“இந்த நாய் யாருது?”

“நம்மளது இல்ல சிஸ்டர். காம்பவுண்ட்ல இருக்கும், அம்புட்டுதான். பசங்க கேதுன்னு பேர் வச்சிருக்கானுக.”

“கேதுதான் கடிச்சதுன்னு யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. கருப்பசாமி தூக்கத்தில் இருந்தார். மற்றவர்கள் மிஷினில் இருந்தார்கள்.

“பின்ன எப்படிக் கண்டுபிடிச்சீக?”

முருகன் ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார். “எல்லாரும் சுத்தி நின்னு ‘நீதான கடிச்ச’ன்னு கேட்டோம் சிஸ்டர். வாலக் காலுக்கிடையில விட்டுக்கிட்டு தலையத் தொங்கப் போட்டுருச்சு.”

பத்துப் பேர் சுற்றி நின்று கத்தினால் நானும் தலையைத் தொங்கப் போடத்தான் செய்வேன். கேது பிரியாணியில் இருந்து ஒரு எலும்பை எடுத்து ஓரமாக வைத்துக் கடிக்க ஆரம்பித்தது.

கேது என்று ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்க வேண்டுமே. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ராகு எங்க?”

முருகன் பாயைப் பார்த்தார். பாய் டீயைப் பார்த்தார்.

“அதே நிறமா?”

“ரெண்டும் ஒரே குட்டிங்க சிஸ்டர்,” என்றார் கருப்பசாமி. “அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும்.”

“எப்ப இருந்து காணோம்?”

“செவ்வாக்கிழமையில இருந்து.”

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எனக்கு அதன் சத்தம் கேட்கவில்லை. என் கண் முன்னால் அந்த டம்ளர்தான் வந்து நின்றது.

“ராகு வேற யாரையாச்சும் கடிச்சுதா?” என்று சத்தமாகக் கேட்டேன். “பல்லு பட்டுது, நகம் கீறுச்சு, புண்ணுல நக்குச்சு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். பாயும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே டீ கிளாசை எடுக்கக் கையை நீட்டினார். வலது கையின் முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. பொத்தானுக்குக் கீழே ஒரு தாளின் ஓரம் எட்டிப் பார்த்தது. நான் எழுந்து போய், அனுமதி எல்லாம் கேட்காமல், அந்தப் பொத்தானைக் கழற்றினேன்.

மணிக்கட்டில் மைதாப் பசையோடு ஒரு தேதித் தாள். முருகன் கரிநாளை ஒட்டினார், பாய் தனக்கு நல்ல நாளாகப் பார்த்து ஒட்டியிருந்தார். சிவப்பு எழுத்தில் ரம்ஜான் பெருநாள்.

“என்னைக்கு பாய்?”

“அதே செவ்வாக்கிழமைதான்,” என்றார். “காலைல ரொட்டி போட்டேன். வாங்கல. உர்ருன்னு வந்து கையக் கவ்விட்டுப் போயிருச்சு.”

“ஏன் சொல்லல?”

தெருவுக்கே முதலாளி, வேலையாட்கள் முன்னால் சின்னப் பிள்ளையாகிவிட்டார். “தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசி போடுவாகள்ல சிஸ்டர். எங்க அத்தாவுக்குப் போட்டப்ப நான்தான் காலப் பிடிச்சேன். அந்தச் சத்தம் இன்னும் கேக்குது.”

பத்து நாள் கணக்கையும் பிரியாணியையும் கிளப்பியது பாய்தான் என்பது அப்போது விளங்கியது. கேது நல்லா இருக்க வேண்டும் என்று அவர் துஆ கேட்டது கருப்பசாமிக்காக மட்டும் இல்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை அப்படியே அவர் மேல் கொட்டினேன். இப்போது தொப்புளில் ஊசியே கிடையாது, கையில்தான், நாலு தடவைதான் என்று கத்தினேன். கடைசியில் அவருக்கு எடுபட்டது என் கத்தல் இல்லை. கருப்பசாமி தன் சட்டைக்கையைச் சுருட்டி, ஊசி போட்ட இடத்தைக் காட்டினார்.

“பாருங்க முதலாளி. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல.”

“கன்னத்துல போட்டது?”

கருப்பசாமி கொஞ்சம் தயங்கினார். “அது வலிக்கும்,” என்றார். “நான் கூட இருக்கேன்.”

6. கேஷுவாலிட்டி பெஞ்சு

பிரஸ் குழாயடியிலேயே பாயின் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு ராகு காலம் இல்லை என்பதால், பைண்டிங் முருகனைக் கடிகாரத்தோடு பக்கத்தில் நிறுத்தினேன். நாயை விட்டுவிட்டு முதலாளிக்கு ட்யூட்டி பார்த்தார். பிறகு பாய், கருப்பசாமி, நான் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி ரூம் மூடினாலும் கேஷுவாலிட்டியில் எந்த நேரமும் போடுவார்கள், இதை வெளியே எல்லாரிடமும் சொல்லுங்கள். மூன்று நாள் தாமதம் என்று டாக்டர் முகம் சுளித்தார். ஆனால் தாமதமாக வந்தாலும் சீரமும் ஊசியும் போட்டே ஆக வேண்டும், “நாளாயிருச்சு, இனி எதுக்கு” என்று ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

கருப்பசாமிக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். பாய்க்கு மணிக்கட்டில் சீரம் போட்டபோது கருப்பசாமி தோளைப் பிடித்துக்கொண்டார். பாய் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். முடிந்ததும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“சிஸ்டர்,” என்றார். “முப்பது வருசமா அடுத்த வருசத்த அச்சடிச்சு வித்திருக்கேன். அதுல நான் இருப்பனான்னு ஒரு தடவகூட யோசிச்சதில்ல.”

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஆனைக்குட்டம் ரோட்டு ஓரத்தில் ராகு செத்துக் கிடந்தது. அதற்கு முன் வாயில் நுரை தள்ள ஓடி, இரண்டு ஆட்டைக் கடித்திருந்தது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, வெறிதான் என்றார். சுகாதார ஆய்வாளர் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்தார். வேறு யாருக்கும் கடி இல்லை. கேதுவுக்குத் தடுப்பூசி போட்டு விடுதலை செய்தார்கள். ஆனால் பிரியாணி நின்ற நாளில் இருந்து அது பிரஸ் வாசலில் வந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டதாம். கடிக்காத குற்றத்துக்காக வாரத்துக்கு ஒரு நாள் பிரியாணி என்று சமாதானம் பேசினார்கள்.

மீதி ஊசிகளுக்கு இரண்டு பேரும் அவரவர் நாளில் தவறாமல் வந்தார்கள். கருப்பசாமி ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் கேட்டு வாங்கிய அன்றைய தேதித் தாளைச் சட்டைப் பையில் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். அதில் வடை எண்ணெய் ஊறியிருக்கும். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டுவார். தன் கடைசி ஊசி முடிந்த பிறகும், பாயின் கடைசி ஊசிக்கு அவரும் கூடவே வந்தார். கூட இருக்கிறேன் என்று சொன்னதை அதுவரைக்கும் காப்பாற்றினார்.

அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிக்குத் தேதியை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கிழமையைச் சொல்லுங்கள். “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் பயத்தில் உளறுகிறார் என்று விட்டுவிடாமல், அவர் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று விசாரியுங்கள். கடித்த நாய் எது என்று ஊரே சத்தியம் செய்தாலும் ஊசியை நிறுத்தாதீர்கள். யாராவது ஒருத்தர் ஊசி வேண்டாம் என்று ரொம்ப நியாயமாகப் பேசினால், அவருடைய சட்டைக்கையை ஒரு தடவை மேலே ஏற்றிப் பாருங்கள்.

அந்த வருஷம் முடிந்து புது வருஷம் பிறந்த காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. ஹமீது பாய்.

“வந்து சேந்துட்டோம் சிஸ்டர்,” என்றார்.

“எங்க பாய்?”

“அடுத்த வருசத்துக்கு. நானும் கருப்பசாமியும்.”

“இன்னைக்குத் தேதி என்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணாந் தேதி,” என்றார் பாய். “டீக்கடையில நின்னு பாத்துட்டுத்தான் பேசுறேன்.”